நிலாக்கல்லுக்குள் மிதக்கும் நீலம்

நல்ல நிலாக்கல் ஒன்றை விளக்குக்குக் கீழே பிடித்து லேசாகச் சாய்த்தால், உள்ளே ஒரு நீல வெளிச்சம் கிளம்பி மெதுவாக நகரும். கல்லைத் திருப்பினால் அணையும், மறுபடி திருப்பினால் வரும். சந்திரகாந்தக் கல் என்றும் மூன்ஸ்டோன் என்றும் கடைகளில் விற்கும் இந்தக் கல்லுக்குள் நீலச் சாயம் துளிகூடக் கிடையாது. பொடி செய்து பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும்.

அந்த நீலம் எப்படி உண்டாகிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் போதும். எந்தக் கல்லை வாங்குவது, கழுத்தில் எப்படிப் போட்டுக்கொள்வது, எதனால் துடைக்கக் கூடாது என்பதற்கெல்லாம் விடை அதிலேயே இருக்கிறது.

நிலாக்கல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. அபூர்வமான குடும்பம் இல்லை. பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் இவர்கள்தான். சமையல் மேடையில் போடும் சிவப்பு கிரானைட்டில் இளஞ்சிவப்பாகத் தெரியும் துண்டுகள் பெரும்பாலும் ஆர்த்தோகிளேஸ், அதாவது பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். இதன் நெருங்கிய உறவு ஆல்பைட், சோடியம் ஃபெல்ட்ஸ்பார். இரண்டுக்கும் அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கூட்டின் இடைவெளிகளில் பொட்டாசியம் உட்கார்ந்திருக்கிறதா, சோடியம் உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

பாறைக் குழம்பு இறுகிக் கல்லாகும் 600, 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்திருக்கும். ஆறத் தொடங்கினால் ஒத்துப்போகாது. பொட்டாசியம் பெரியது, சோடியம் சிறியது. வெப்பம் குறையக் குறைய ஒரே கூட்டுக்குள் அவை நெருக்கியடித்து இருக்க முடியாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்த பாட்டிலை மார்கழிக் காலையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: வெயில் நாளில் ஒன்றாக இருந்தவை, குளிர் ஏறியதும் வெள்ளையாகவும் தெளிவாகவும் பிரிந்து நிற்கும். கல்லில் இது திடப்பொருளுக்குள்ளேயே நடக்கிறது. அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி, பொட்டாசியம் ஒரு தகடு, சோடியம் ஒரு தகடு என்று மாறி மாறி அடுக்காகின்றன.

அந்தத் தகடுகளின் கனம்தான் கல்லின் தலையெழுத்து. மிக வேகமாக ஆறினால் பிரியவே நேரம் இருக்காது. கல் வெறும் கண்ணாடி போலிருக்கும். மிக மெதுவாக ஆறினால் தகடுகள் தடித்துக் கண்ணுக்கே தெரியும் கோடுகளாகிவிடும். கிரானைட்டின் இளஞ்சிவப்புத் துண்டுகளில் சில சமயம் தெரியும் வெண்கீற்றுகள் அவைதான். இரண்டுக்கும் நடுவே சரியான வேகத்தில் ஆறிய கல்லில், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவிலோ அதற்கும் குறைவாகவோ தகடுகள் அமையும். நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைவிட இது சிறியது. இவ்வளவு நுணுக்கமான தடைகளில் மோதும்போது குறைந்த அலைநீளமுள்ள ஒளிதான் அதிகம் சிதறும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதும் இதே கணக்கால்தான். ஆனால் வானத்தில் காற்று மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் சிதறியிருக்கின்றன. கல்லிலோ தகடுகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் நீலம் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் எழுந்து, கல்லைத் திருப்பியதும் அணைகிறது. தகடு தடித்தால் எல்லா நிறமும் சம அளவில் சிதறி, நீலம் வெளுத்துப் பால் வெள்ளையாகிவிடும்.

கடல் நீலம் ஏன் என்று கேட்டு ஒளிச்சிதறலுக்குள் நுழைந்த சி. வி. ராமன், ரத்தினக் கற்கள்மேல் தீராத பிரியம் உள்ளவர். நோபல் பரிசு வாங்கி இருபது வருடம் கழித்து, 1950-இல், ஏ. ஜெயராமன், டி. கே. சீனிவாசன் ஆகியோருடன் சேர்ந்து இலங்கை நிலாக்கற்களின் அமைப்பையும் ஒளிப் பண்பையும் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர் சேர்த்த கனிமங்களும் கற்களும் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன. நகைக் கடைத் தட்டில் கிடக்கும் ஒரு கல் இவ்வளவு பெரிய மனிதரை உட்கார வைத்து யோசிக்க வைத்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

அவர் ஆராய்ந்த இலங்கைக் கற்களுக்கு இன்றும் தனி மதிப்பு. அந்நாட்டின் தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் மீட்டியாகொட என்ற ஊர் இருக்கிறது. அங்கே குழி தோண்டி, ஊறும் தண்ணீரை இறைத்து, வெள்ளைக் களிமண்ணிலிருந்து கல்லைப் பொறுக்குகிறார்கள். நீல ஒளிக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை அவை. அந்தக் களிமண் கேயொலின், பீங்கான் செய்யும் மண். ஃபெல்ட்ஸ்பார் காலங்காலமாக மழைநீரில் சிதைந்தால் கேயொலினாக மாறும். ஆக, சிதைந்துபோன சொந்தக்காரர்களின் மண்ணுக்குள் சிதையாமல் தப்பிய துண்டுகளைத்தான் அங்கே தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் காங்கேயத்தைக் காளைக்குத்தான் எல்லோருக்கும் தெரியும். நிலாக்கல்லுக்கும் அது பேர் பெற்ற ஊர். இந்தியக் கற்களில் பீச் நிறம், சாம்பல், பழுப்பு எல்லாம் கிடைக்கும். இவற்றில் நீலத்தைவிட வெள்ளி வெள்ளை ஒளிதான் அதிகம். இலங்கை நீலத்தோடு ஒப்பிட்டு இவற்றை மட்டமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பீச் நிறக் கல்லில் எழும் வெண்மை ஒளிக்குத் தனி அழகு இருக்கிறது, விலையும் கைக்கு அடக்கம்.

நிலாவுக்கும் இந்தக் கல்லுக்கும் கவிஞர்கள் சொல்லாத ஓர் உறவும் உண்டு. நிலாவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டு நிலம் அனார்த்தோசைட் என்ற பாறை. அதில் பெரும்பங்கு கால்சியம் ஃபெல்ட்ஸ்பார். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை இருக்கிறது. சந்திரயான்-2-இன் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலாமண் தயாரித்தது இந்தப் பாறையிலிருந்துதான். நாம் இரவில் பார்க்கும் வெண்மை, கழுத்தில் போடும் கல்லின் ஒன்றுவிட்ட சகோதரனுடையது.

இனி கடைக்குப் போவோம். நகைக் கடையில் கூரை முழுக்க விளக்கு. நாலாபக்கமும் ஒளி வந்தால் எந்தத் தகடும் எந்தக் கோணத்திலும் ஏதோ கொஞ்சம் மின்னும். கல்லின் உண்மையான குணம் தெரியாது. ஒரே ஒரு விளக்கின் கீழே, அல்லது வாசல் பக்கம் போய்ப் பாருங்கள். இன்னொன்றும் முக்கியம்: தட்டில் படுக்க வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். பதக்கம் கழுத்தில் நிமிர்ந்து தொங்கும், வெளிச்சம் மேலிருந்து விழும், எதிரே நிற்பவர் நேராகப் பார்ப்பார். படுத்த கல்லில் நடுவே அழகாக நிற்கும் ஒளி, நிமிர்த்தியதும் ஓரத்துக்கு ஓடிவிடலாம். கல்லைச் செதுக்கியவர் தகடுகளின் திசையைச் சரியாகப் பிடித்து, மேல்பக்கத்தை உருண்ட குமிழாக எழுப்பியிருந்தால், சற்றே அசைத்தாலும் ஒளி குமிழின் மேல் தாராளமாகத் திரும்பி வரும். நெஞ்சுக்கு நேரே தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பதுதான் பரீட்சை.

பின்னணி நிறமும் கணக்கில் உண்டு. நல்ல நிலாக்கல் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் கல். வெள்ளைத் துணியின் மேல் வைத்தால், ஊடுருவிப் போன ஒளி துணியில் பட்டுத் திரும்பி வந்து நீலத்தை மூழ்கடித்துவிடும். கறுப்பின் மேல் வைத்தால் திரும்பி வருவது சிதறிய நீலம் மட்டும். ஆகவே அடர்ந்த நிற ரவிக்கையின் மேலும், மாநிறமும் கறுப்புமான நம் தோலின் மேலும் இந்தக் கல் எடுப்பாக இருக்கும். வெளிர் நிறக் கல் கறுத்த தோலுக்குப் பொருந்தாது என்று சொல்லித் தருபவர்களை இயற்பியல் ஒப்புக்கொள்ளாது. இதே உத்தியைக் கடைக்காரர்களும் அறிவார்கள்: கல்லைப் பதித்த உலோகக் கூட்டின் பின்பக்கம் மூடியிருந்தால், உள்ளே கறுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தவறில்லை, சொல்லி விற்க வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில கற்களுக்குள் பூரான் ஊர்வதுபோல் தெரியும். நீளமாக ஒரு விரிசல், அதிலிருந்து இருபுறமும் குட்டிக் கால்கள். இரண்டு வகைத் தகடுகளும் ஆறும்போது ஒன்றையொன்று இழுத்ததில் உண்டான விரிசல்கள் இவை. இயற்கைக் கல் என்பதற்கு நல்ல அத்தாட்சி. ஆனால் பூரான் கல்லின் விளிம்புவரை ஓடியிருந்தால் வேண்டாம். நாளைக்கு உடைவது அந்த வழியாகத்தான்.

கடையில் இரண்டு பெயர் மாறாட்டங்கள் நடக்கும். ரெயின்போ மூன்ஸ்டோன் என்று பல வண்ணம் காட்டும் கல், உண்மையில் லாப்ரடோரைட். அதுவும் ஃபெல்ட்ஸ்பார் குடும்பம்தான், நல்ல கல்தான். நிலாக்கல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஓபலைட் என்பது கண்ணாடி. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி நீலப் புகையாகத் தெரியும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அழுத்தமான ஆரஞ்சு. திருப்பும்போது ஒளி அணையவே இல்லை என்றால் உள்ளே தகடு இல்லை என்று அர்த்தம். லூப்பில் உருண்டைக் காற்றுக் குமிழி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மணி மாலை வாங்குபவர்கள் எல்லா மணியும் ஒருசேர மின்ன வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உருண்டை மணியில் துளை தகடுகளின் திசை பார்த்துப் போடப்படுவதில்லை. நூலில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். நடக்கும்போது இங்கொன்று அங்கொன்றாக எரிந்து அணைவதுதான் அந்த மாலையின் அழகு.

அடுத்து, கல்லின் பலவீனம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவையில் நிலாக்கல்லுக்கு 6 முதல் 6.5. குவார்ட்ஸுக்கு 7. தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். மாலையைக் கழற்றி முந்தானையால் வறட்டென்று துடைத்தால், அந்தத் துகள்களை வைத்துக் கல்லை உரசுகிறோம் என்று பொருள். வருடக்கணக்கில் இப்படித் துடைத்தால் குமிழின் மேல் மெல்லிய கீறல்கள் படிந்து, உள்ளே எவ்வளவு நீலம் இருந்தாலும் வெளியே மங்கலாகத்தான் தெரியும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி.

கீறல் மேற்பரப்போடு நின்றுவிடும், மெருகு போட்டுத் திருத்தலாம். பிளவு அப்படியில்லை. ஃபெல்ட்ஸ்பாருக்கு ஏறத்தாழ செங்குத்தான இரண்டு திசைகளில் அணுப்பிணைப்பு தளர்ச்சி. அந்தத் திசையில் ஓர் அடி விழுந்தால் கத்தியால் வெட்டியதுபோல் நேராகப் பிளக்கும். மோதிரமாகப் போட்டால் கதவிலும் குழாயிலும் இடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், நிலாக்கல்லுக்குக் கழுத்துதான் பத்திரமான இடம் என்பேன். பதக்கமானால் நாலு உலோக நகம் வைத்துக் கல்லைப் பிடித்த பதிப்பைவிட, விளிம்பு முழுக்க உலோகத் தகடு சுற்றிய பதிப்பு நல்லது.

வெப்பம் இன்னும் ஆபத்து. கொக்கி பற்றவைக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டுத் தீ காட்டச் சொல்லிப் பத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் தொட்டியும் நீராவியும் வேண்டாம். பூரான் விரிசல் இருந்தால் அதிர்விலேயே நீளும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு நுரை, அல்லது ஊறவைத்த பூந்திக்கொட்டைத் தண்ணீர், குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், இவ்வளவு போதும். வெள்ளியில் பதித்த மாலை கறுத்துப்போனால் விபூதி போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெள்ளிக்கு அது சரி. சாம்பலில் கலந்த நுண்மணல் கல்லில் படக் கூடாது. பற்பொடியும் அப்படியே. வெள்ளியை முக்கி எடுக்கும் திரவங்கள் அமிலத்தன்மை கொண்டவை, அவையும் வேண்டாம்.

சென்ட், தலைக்கு எண்ணெய், பவுடர் எல்லாம் முடிந்த பிறகு மாலையைப் போடுங்கள். வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். எண்ணெய் கல்லைக் கரைத்துவிடாது. ஆனால் விரிசலில் இறங்கினால் ஒளியை மந்தமாக்கும். வைரமும் நீலக்கல்லும் இருக்கும் பெட்டியிலேயே போட்டு வைத்தால் அவை இதைக் கீறும். தனித் துணிப்பை வேண்டும்.

பட்டு நூலில் கோத்த மணி மாலையைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஈரத்தில் நூல் தளர்ந்து நீளும். ஈரத்துணியால் துடைத்து, தட்டையாகப் பரப்பி, நூல் முழுக்கக் காய்ந்த பிறகே எடுத்து வையுங்கள். மணிக்கு மணி முடிச்சு இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். முடிச்சில்லாவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று மோதி, துளையின் விளிம்பு அந்தப் பிளவுத் திசைகளிலேயே சில்லுச் சில்லாக உதிரும். உதிர்ந்த விளிம்பு நூலை அறுக்கும். கோர்வை மாற்றும்போது ஒவ்வொரு துளையையும் லூப்பில் பார்த்து, விளிம்பு உடைந்த மணியை எடுத்துவிட்டே கோக்கச் சொல்லுங்கள், மாலை ஒரு மணி குறைந்தாலும் பரவாயில்லை.