மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்கத் தகைவு ஏறுவது ஏன்?

“எல் வடிவ எஃகுத் தாங்கி ஒன்றைக் கால்குலிக்ஸ் என்ற வலிமைக் கணிப்பு மென்பொருளில் சோதிக்கிறேன். மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க உள்மூலையில் தகைவு கூடிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை நம்புவது?” என்று ஒரு மாணவர் கேட்கிறார்.

எதையும் நம்ப வேண்டாம். அந்தப் புள்ளியில் விடையென்று ஒன்று கிடையாது.

மாடலைச் சிறு எலிமென்ட்களாக வெட்டி (அந்த வலைதான் மெஷ்), அவற்றை இணைக்கும் புள்ளிகளான கணுக்களின் நகர்வைக் கணக்கிட்டு, அதிலிருந்து தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் வரும் உள்விசையை, எடுப்பதுதான் மென்பொருளின் வேலை. அது தெரிந்த கதை. விஷயம் மூலையில் இருக்கிறது. வளைவே இல்லாத 90 டிகிரி உள்மூலையை நெருங்க நெருங்க, தூரத்தின் 0.455 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் தகைவு ஏறும். மூலையிலேயே அது முடிவிலி. எந்தக் கோணத்துக்கு எந்த அடுக்கு என்று கணக்கிடும் வழியை 1952-ல் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் தந்தார். முடிவிலியை மென்பொருளால் எட்ட முடியாது; எலிமென்ட் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு கிட்டே போய் நின்றுவிடும். ஆகவே எலிமென்ட் அளவைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு 2-ன் 0.455 அடுக்கு, அதாவது சுமார் 1.37 மடங்காகும். 4 மி.மீ.யில் 100 மெகாபாஸ்கல் வந்தால் 2-ல் 137, 1-ல் 188, அரை மி.மீ.யில் 258. உங்கள் எண்களையும் வகுத்துப் பாருங்கள். விரிசல் முனையென்றால் அடுக்கு 0.5, விகிதம் 1.41. பிழைபோலத் தெரியும் எண்வரிசைக்குள் மூலையின் கோணமே பதிந்திருக்கிறது, என்ன அழகு!

நிஜத் தாங்கியில் 3 மி.மீ. ஃபில்லெட் (மூலையை உருட்டும் வளைவு) இருந்தால் அதை மாடலிலும் வரையுங்கள். கால்வட்ட வளைவில் ஆறு எலிமென்ட்டாவது வேண்டும். 4 கணு டெட்ரா (நான்முக எலிமென்ட்) வளைவுச் சுமையில் விறைத்துக்கொள்ளும். 10 கணு டெட்ரா போடுங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கியும் தகைவு 5 சதவீதத்துக்குமேல் மாறாவிட்டால் போதும். வெல்டு விளிம்பென்றால் உச்ச எண்ணை விட்டுவிட்டு, தகட்டுத் தடிமனின் 0.4 மடங்கு, 1 மடங்கு தூரங்களில் தகைவைப் படியுங்கள். முதலாவதை 1.67-ஆல் பெருக்கி, இரண்டாவதின் 0.67 மடங்கைக் கழியுங்கள்; விளிம்புக்கு அந்தத் தகைவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கணுவில் சுமையேற்றினாலும் இதே முடிவிலி வந்து நிற்கும்.

எலிமென்ட்கள் பெரிதாகி மெஷ் கரடுமுரடாக இருந்தாலும் ஆபத்துதான். நார்வேயின் ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் எரிவாயுக் கான்கிரீட் தளத்துக்கான கணக்கில் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டது. 1991 ஆகஸ்ட் 23 அன்று சுவர் உடைந்து தளம் மூழ்கியது. மெஷ்ஷை மாற்றிப் பார்க்காமல் வண்ணப்படம் மட்டும் ஒட்டிய புராஜெக்ட் அறிக்கைக்குக் கல்லூரிகள் மதிப்பெண் தரவே கூடாது என்பேன்.

கால்குலிக்ஸ் அலகு பார்க்காது. மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று போனால் எஃகின் அடர்த்தி 7.85-ஐப் பத்தின் 9-ஆம் அடுக்கால் வகுத்து, கன மி.மீ.க்கு டன்னில் தர வேண்டும். 7850 என்று அடித்தால் சுயஎடையே மாடலை நசுக்கிவிடும். ஓட்டியதும் தாங்குவிசைகளை, அதாவது மாடலைப் பிடித்துவைத்த இடங்களில் வரும் எதிர்விசைகளை, கூட்டுங்கள். நீங்கள் ஏற்றிய சுமை அப்படியே திரும்ப வர வேண்டும்.