ரேம் நிரம்பினால் ஐ7 என்ன செய்யும்?

கம்ப்யூட்டர் சயின்ஸில் சீட் கிடைத்ததும் லேப்டாப் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஐ7 இருக்கா?" ஐ7 என்பது இன்டெல்லின் புராசஸர் வகை, கணக்குப் போடும் சிப். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்.

இரண்டாம் ஆண்டு மாணவரின் திரையைப் பாருங்கள். ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, போனைப் போலவே நடிக்கும் எமுலேட்டர், குரோமில் இருபது டேப், பின்னணியில் ஒரு டேட்டாபேஸ். விண்டோஸும் உள்ளமைந்த கிராபிக்ஸும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் 8 ஜிபி ரேமில் மிஞ்சுவது இதற்கெல்லாம் காணாது.

அதற்காக லேப்டாப் நின்றுவிடாது. ரேமை வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து ஆளும் இயங்குதளம், கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை, ஃபைல்கள் நிரந்தரமாக இருக்கும் எஸ்எஸ்டிக்கு அனுப்பிவிட்டு இடம் பிடிக்கும். அனுப்பிய பக்கம் மறுபடி தேவைப்பட்டால் வேறொன்றை வெளியேற்றி இதை உள்ளே கொண்டுவரும். 1962இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினியிலேயே இருந்த உத்தி இது.

உத்தியில் குறையில்லை, வேகத்தில்தான் சிக்கல். ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோநொடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோநொடி. ரேமுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டிக்குப் பதினாறு நிமிடத்துக்கு மேல், பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல்! கேட்கும் பக்கமெல்லாம் வெளியே கிடந்தால் புராசஸருக்குக் காத்திருப்பதே வேலையாகிவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் 'த்ராஷிங்' என்று வருவது இதுதான். ஐ7 ஆனாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஐ7 என்ற ஸ்டிக்கரையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஐ7-1255யு சிப்பின் அடிப்படை மின்அளவு 15 வாட். ஐ5-12500ஹெச்சுக்கு 45 வாட். பெரிய புராஜெக்டை நெடுநேரம் கம்பைல் செய்யும்போது (எழுதிய கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றும்போது), அதிக மின்சாரத்தில் ஓடும் ஐ5தான் பொதுவாக முந்தும். பதிலுக்கு பேட்டரி சீக்கிரம் தீரும், ஃபேன் இரையும். ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு அலைபவர், குறைந்த மின்சாரத்தில் ஓடும் யு வகையே எடுக்கலாம், தப்பில்லை.

சரி, 16 ஜிபிக்கு பட்ஜெட் இடிக்கிறதா? 8 ஜிபியோடு காலி ரேம் ஸ்லாட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். விவரக்குறிப்பில் எல்பிடிடிஆர்5 என்றிருந்தால் மட்டும் உஷார்: அந்த ரேம் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் மாற்ற வழியில்லை. மெஷின் லேர்னிங்குக்காக இப்போதே கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டாம். தொடக்கப் பயிற்சிக்கு பிரவுசரிலேயே கோடு ஓட்ட உதவும் கூகுள் கோலாப் இலவசமாகத் தரும் ஜிபியுவே (கிராபிக்ஸ் சிப்) போதும். அந்தக் காசை ரேமில் போடுங்கள்.