அரிவாள்மணைக் கறையும் சிவப்பணுவும்

நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் அரிந்து ஊறுகாய் போடும்போது, அரிந்த துண்டுகளின் ஓரமும் மணையின் அலகும் சற்று நேரத்தில் கருநீலமாக மாறிவிடும். எங்கள் வீட்டில் அதைக் கறை என்று சொல்லி, நெல்லிக்காய்க்கென்றே ஓர் எவர்சில்வர் கத்தியை எடுத்து வைத்திருந்தார்கள். காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பு அயனியைப் பற்றிக்கொள்வதால் உண்டாகும் நிறம் அது; முற்காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியதும் இதே வேதியியலைக் கொண்டுதான். மூலிகைச் சாறு இரத்த அணுக்களைச் சிதைவிலிருந்து காக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதன் ஒரு பாதியை அந்தக் கறையிலேயே பார்த்துவிடலாம்.

மனித உடலின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அதற்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே பழுதான புரதத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளும், ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்களுமாக, நூறு கோடிக்கு மேற்பட்ட இரும்பணுக்கள் ஆக்சிஜனோடு ஓயாமல் உறவாடுகின்றன. அந்த உறவில் அவ்வப்போது ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு சூப்பராக்சைடு என்னும் தனியுறுப்பாக (இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட, எளிதில் வினைபுரியும் மூலக்கூறாக) வெளியேறுகிறது. அது பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து வெளிப்பட்ட இரும்பு அருகில் இருந்துவிட்டால், அந்தப் பெராக்சைடு உடைந்து, எதிர்ப்பட்ட எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் உறுப்பு பிறக்கிறது. 1894-இல் ஃபென்டன் என்பவர் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் வினை இது.

அடி முதலில் விழுவது சவ்வின் மீதுதான். சவ்விலுள்ள கொழுப்பு அமிலம் ஒன்று ஹைட்ரஜனை இழந்தால், அது பக்கத்திலுள்ளதிடமிருந்து பறிக்க, அதுவும் அடுத்ததிடம் பறிக்க, ஓலைக் கூரையில் தீ பரவுவதுபோல் சிதைவு தொடர்கிறது. இறுதியில் சவ்வு கிழிந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. இதைத் தடுக்க அணுவுக்குள் குளுட்டாதயோன், கேட்டலேஸ் போன்றவையும் சவ்வில் வைட்டமின் ஈ-யும் காவல் நிற்கின்றன. குளுட்டாதயோனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டிய ஆற்றலை, ஜி6பிடி என்ற நொதியின் துணையோடு குளுக்கோஸிலிருந்து அணு பெறுகிறது.

நெல்லி, கடுக்காய், கரிசலாங்கண்ணி, வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லி ஆகியவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் (டானினும் இந்த வகைப் பொருள்தான்) இந்தக் காவலுக்கு இரு வழிகளில் கை கொடுக்கின்றன. அரிவாள்மணையில் செய்ததுபோல், தளர்ந்த இரும்பைப் பற்றிக்கொண்டு ஃபென்டன் வினைக்கு வழியில்லாமல் செய்வது ஒன்று. தம்மிடமுள்ள ஹைட்ரஜனைத் தாமே தனியுறுப்புக்குக் கொடுத்து, கொழுப்பில் பரவும் சங்கிலியை அறுப்பது மற்றொன்று. அப்படிக் கொடுத்த பிறகும் அவற்றின் வளைய அமைப்பு எலக்ட்ரான் குறையைத் தனக்குள் பரப்பிக்கொண்டு ஓரளவு அமைதியாக இருந்துவிடும்.

இதைச் சோதிக்கும் முறை எளியது. இரத்தத்தை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, அடியில் தங்கும் சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் கழுவி, வரிசையாகக் குழாய்களில் ஊற்றுகிறார்கள். ஒன்றில் உப்புக் கரைசல் மட்டும். ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர், அதில் அணுக்கள் ஊதி வெடித்து முழுக்குழாயும் தெளிந்த சிவப்பாகிவிடும். மற்றவற்றில் பெராக்சைடும், வெவ்வேறு அளவில் மூலிகைச் சாறும். மீண்டும் சுழற்றி எடுத்தபின், காப்பாற்றப்பட்ட குழாயின் மேல்நீர் ஏறக்குறைய நிறமற்றும், காப்பாற்றப்படாததன் மேல்நீர் செம்பருத்திச் சாறுபோலும் நிற்கும். அந்தச் சிவப்பை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்து, எத்தனை விழுக்காடு அணுக்கள் தப்பின என்று கணக்கிடுகிறார்கள்.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் இத்தகைய ஆய்வுச் செய்தி எளிதில் செவிக்கு எட்டுகிறது. எட்டியவுடன் ரத வீதியின் நாட்டு மருந்துக் கடையில் பொடி கேட்கும் அவசரமும் வந்துவிடுகிறது. சோதனைக் குழாயில் சாறு அணுவை நேரடியாகத் தொடுகிறது. நாம் குடிக்கும் கஷாயமோ குடலைத் தாண்ட வேண்டும். பெரிய டானின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி அப்படியே இரத்தத்தில் கலப்பதில்லை. குடல் நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்து வேறு சிறு பொருள்களாக்கிவிடுகின்றன. ஆகவே குழாயில் வெற்றி பெற்ற அளவு இரத்தத்தில் எட்டப்படுவது அரிது என்பதே என் கணிப்பு.

இன்னொன்று, தாவரச் சாறுகள் அனைத்தும் காவலர்கள் அல்ல. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை கிளப்பும் சப்போனின், சவ்விலுள்ள கொலஸ்ட்ராலோடு சேர்ந்து துளையிட்டு, அதே குழாயில் அணுக்களை உடைத்துவிடும். மருதாணியின் சிவப்புக்குக் காரணமான லாசோன், ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைந்த பச்சிளங்குழந்தைகளுக்குத் தோல் வழியே ஊறி இரத்த அணுக்களைச் சிதைத்த நேர்வுகள் மேற்காசியாவில் பதிவாகியுள்ளன. பிரைமாகுவின் என்ற மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் இரத்தத்தை ஏன் உடைக்கிறது என்று தேடியபோதுதான், 1956-இல் அந்த நொதிக் குறைபாடே கண்டறியப்பட்டது.

பாண்டு என்று சித்த மருத்துவம் சொல்லும் சோகைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி உண்பவர்கள், அரிவாள்மணைக் கறையை இங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடுக்காய்க் கஷாயமோ கடும் தேநீரோ மாத்திரையோடு சேர்ந்தால், இரும்பில் கணிசமான பகுதி குடலிலேயே டானினிடம் சிக்கிக்கொண்டு, இரத்தத்துக்குப் போகாமல் வெளியேறிவிடும். நெல்லிக்காயில் இரும்பு உறிஞ்சப்பட உதவும் வைட்டமின் சி-யும் இருப்பதால் அதன் கணக்கு சற்று வேறு. மற்ற இரண்டையும் மாத்திரைக்கு ஓரிரு மணி நேரம் தள்ளியே குடிக்கலாம்.