மினியேச்சர்: சிவப்பில் பிறந்த சொல்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த அக்கா மகன் என் மேசை முன்னால் நின்றான். மேசையில் மினியேச்சர் எனப்படும் குட்டி உருவங்கள்: பண்டைக் கிரேக்கக் காலாட்படை வீரர்கள், ஆளுக்கு 28 மில்லிமீட்டர் உயரம், பாதி வண்ணம் பூசியபடி. "மினி பஸ்னா சின்ன பஸ். அப்போ மினியேச்சர்னா சின்னதா செஞ்சது. சரிதானே மாமா?" என்றான். பல வருடம் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்குள் இருந்தது அளவு இல்லை, நிறம்.

லத்தீனில் மினியம் என்றால் ஒரு சிவப்புப் பொடி. ரோமானியர்கள் முதலில் அந்தப் பெயரால் குறித்தது நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் சாதிலிங்கத்தை. அது விலை கூடியது. அதில் ஈயச் செந்தூரத்தைக் கலப்பது வழக்கமாகி, காலப்போக்கில் பெயரும் ஈயச் செந்தூரத்துக்கே போய்விட்டது. இடைக்கால ஐரோப்பாவில் கையால் எழுதிய நூல்களில் தலைப்பையும் முதலெழுத்தையும் இந்தச் சிவப்பால் தீட்டினார்கள். அந்த வேலைக்கு மினியாரே என்று பெயர். அதிலிருந்து வந்த இத்தாலியச் சொல் மினியாத்தூரா, அது அந்த நூல்களில் வரையும் படங்களுக்கும் பெயரானது. ஏட்டில் வரையும் படம் ஏட்டுக்குள் அடங்க வேண்டும், அதனால் சிறியதாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, சிறுமையைக் குறிக்கும் மைனர், மினிமம் போன்ற சொற்களின் ஓசையும் பக்கத்திலேயே இருந்தது. சிவப்பு மறைந்தது, சிறுமை தங்கிவிட்டது. பிற்பாடு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை வெட்டிச் சுருக்கித்தான் 'மினி' என்ற முன்னொட்டு வந்தது. நம் ஊர் மினி பஸ்ஸின் பெயருக்குள்ளும் அந்தச் செந்தூரம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

மேசைப் போர் விளையாட்டுக்கான சிப்பாய்களை வெகுகாலம் ஈயம் கலந்த உலோகத்தில்தான் வார்த்தார்கள். ஈயத்தின் துருவிலிருந்து பெயரெடுத்த சொல், சுற்றிவந்து ஈயச் சிப்பாய்க்கே பெயரானதை எண்ணி எண்ணி வியந்திருக்கிறேன். பண்டைக் கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் வீரனுக்கு மேலாடையும் சிவப்புதான். அதைப் பூசும் நாளில் தூரிகை நுனியைப் பார்க்கும்போதெல்லாம் மினியம் என்ற சொல் நினைவுக்கு வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லால் முடியாது என்பது என் முடிவு. முகலாயர் காலத்து ஏட்டுப் படங்களுக்குச் சிற்றோவியம், நுண்ணோவியம் என்ற சொற்கள் புழக்கத்தில் உள்ளன, அவை போதும். ஆனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் உருவத்தை ஓவியம் என்று சொல்ல முடியாது. சிற்றுரு என்கிறார்கள் சிலர். பிழையில்லை, ஆனால் கணக்குப் பாடச் சொல் போல உயிரில்லாமல் கிடக்கிறது. பொம்மை என்றால் எல்லாருக்கும் புரியும். தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ என்று வழங்குவதால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் மூன்று மொழிக்காரர்களுக்கும் பொதுச்சொல். என்றாலும் ஒரு கேடயத்துக்கு மூன்று நாள் செலவழித்த பிறகு அதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எனக்குப் பிடித்த சொல் பாவை. மணலில் சிறுமியர் செய்த உருவம் வண்டற்பாவை. தோலில் வெட்டி ஆட்டுவிப்பது தோற்பாவை. கையில் அகலேந்தி நிற்பது பாவை விளக்கு. செய்த உருவம் என்ற பொருள் இந்தச் சொல்லில் ஊறிக் கிடக்கிறது. அதோடு கண்ணின் கருமணிக்குள் தெரியும் குட்டி உருவமும் பாவைதான். "கருமணியிற் பாவாய்" என்று திருக்குறளில் வருகிறதே, அதுதான். எதிரே நிற்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவம் கடுகளவாய் அங்கே நிற்கும். இதைவிடச் சிறிய உருவத்துக்கு எங்கே போவது?

கிரேக்கத்திலும் இதே கதைதான். கோரே என்ற சொல்லுக்குச் சிறுமி, பாவை, கண்மணி என்ற மூன்று பொருளும் உண்டு. இரண்டு மொழிக்காரர்களும் அடுத்தவர் கண்ணுக்குள் ஒரே காட்சியைக் கண்டிருக்கிறார்கள். என் கிரேக்க வீரர்களுக்குப் பாவை என்று பெயரிட இந்த ஒரு காரணமே போதும். இன்னொன்றும் உண்டு: 28 மில்லிமீட்டர் என்ற அளவைப் பலர் பாதத்திலிருந்து கண்மட்டம் வரைக்கும்தான் எடுப்பார்கள். தலைக்கவசமும் இறகுக் கொண்டையும் உயரத்தைக் குழப்பும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த அளவில் 90 சென்டிமீட்டர் கேடயம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டராகிவிடும். அதற்குள் ஸ்பார்ட்டாக்காரர்களின் அடையாளமான லாம்டா என்ற கிரேக்க எழுத்தை, கூரை போல இரண்டே கோட்டில் இழுக்க வேண்டும்.

அப்புறம் வினைச்சொல். பெயின்ட் அடிப்பது சுவருக்கும் கேட்டுக்கும் சரி. பாவைக்கு எழுதுதல் என்று சொல்லலாம். மை எழுதுதல், கண் எழுதுதல் என்ற வழக்கில் எழுத்தும் தீட்டலும் ஒன்றுதான். கிரேக்கரின் கிராஃபெயின் என்ற வினையும் எழுதுவதையும் வரைவதையும் சேர்த்தே குறிக்கும். மற்ற தொழிற்சொற்களில் பிரைமரை அடிப்பூச்சு என்று சொல்லிவிடலாம், சிக்கல் இல்லை. பள்ளங்களில் இறங்கி நிழல் கட்டும் நீர்த்த வண்ணமான வாஷை நிழல்நீர் என்று என் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சித்திரை வெயிலில் தருமபுரியில் அது பள்ளத்தில் இறங்குவதற்குள் காய்ந்து கறை கட்டிவிடும். அந்த மாதங்களில் விடியற்காலையில்தான் உட்காருவேன்.

முகத்தை மூடிக் கண்ணுக்குப் பிளவு மட்டும் விட்ட கொரிந்தியத் தலைக்கவசம் போட்ட பாவைக்குக் கண் எழுத வேண்டியதில்லை, அந்தப் பிளவுகளில் கருப்பைக் காட்டினால் போதும். முகம் திறந்த கூம்புக் கவசமான பைலோஸ் போட்டவனுக்குத்தான் கண் வேண்டும். வெள்ளையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு கரும்புள்ளி.