புகைபோக்கியை வைத்து டக்கைக் கணிக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதேதான். எங்கள் டக்கில், அதாவது இழுவைக் கப்பலில், சரக்குக் கப்பலுக்கு வடம் கொடுத்துத் துறைமுகத்துக்குள் இழுத்து வருகிறோம். ஒரு ஃபைபர் படகில் கேமராவோடு நாலைந்து பேர், எங்கள் டக்கின் ஒல்லியான இரட்டைப் புகைபோக்கியைப் படமெடுக்க அணியத்துக்கு (முன்முனைக்கு) அடியிலேயே வந்துவிட்டார்கள். மைக்கில் கத்தி விரட்டினோம். கரையில் கேட்டதற்கு ஒருவர், "புரொப்பல்லர் பின்னாடிதானே சார் இருக்கும்?" என்றார்.

இல்லை! எங்களுடையது வொய்த் டிராக்டர் டக் என்ற வகை. உந்திகள் (புரொப்பல்லர்கள்) இரண்டும் அணியத்தை ஒட்டி, முன்பாதியின் அடியில் இருக்கின்றன. 1920களில் ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் உருவாக்கிய முறை இது. செங்குத்தான பிளேடுகள் ஒரு வட்டத்தட்டில் தொங்கியபடி சுழலும், சுக்கானே கிடையாது. எந்தத் திசைக்கும் சில நொடிகளில் தள்ளும். பக்கவாட்டிலும் நகர்வோம், பின்புறத்தை முன்னே வைத்தும் ஓடுவோம்.

புகைபோக்கி இருக்கும் இடத்துக்கு நேர் கீழே எஞ்சின், அதற்குப் பின்னால் புரொப்பல்லர் என்ற கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். எங்களுக்கு நாலாபுறமும் பார்வை வேண்டும். நடுவில் ஒரு பருத்த புகைபோக்கி நின்றால் பின்தளத்தில் வடம் எப்படி இருக்கிறதென்றே தெரியாது. அதனால்தான் அதை இரண்டாகப் பிரித்து ஓரங்களில் ஒதுக்குகிறார்கள். சில டக்குகளில் புகைபோக்கியே இருக்காது. புகைக்குழாயை உடலின் பக்கவாட்டில் வெளியே விட்டிருப்பார்கள். ஏஎஸ்டி என்ற வகை டக்கில் உந்திகள் இரண்டும் பின்னால். ரோட்டர் டக் என்ற வகையில் முன்னே இரண்டு, பின்னே ஒன்று. மேலே தெரிவதை வைத்து இதையெல்லாம் சொல்லவே முடியாது.

புகை வரவில்லை, அதனால் சும்மா நிற்கிறது என்ற நினைப்பும் இனி உதவாது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2022 முதல் 'ஸ்பார்க்கி' என்ற டக் முழுக்க பேட்டரியில் ஓடுகிறது. நம் நாட்டில் 2024ல் தொடங்கிய பசுமை டக் திட்டத்தின் முதல் கட்டத்தில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் இருக்கிறது. சத்தமும் புகையும் இல்லாத டக் நம் கடலுக்கும் வரப்போகிறது.

டக்குக்கும் கப்பலுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். தண்ணீரில் தளர்ந்து கிடக்கும் வடம் கண்ணிமைக்கும் நேரத்தில் விறைத்து எழும்பும். ஃபைபர் படகு தாங்காது. இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தால் இழுவை நடக்கிறது, விலகுங்கள். வடம் போட்டிருக்கும்போது உங்களுக்காக எங்களால் நிறுத்த முடியாது. எங்களுக்குப் பின்னால் வருவது ஆயிரக்கணக்கான டன்.

வித்தியாசமான டக்குகளைத் தேடிப் பார்ப்பது நல்ல ரசனை, எனக்கும் பிடிக்கும். அனுமதி உள்ள கரையிலிருந்து ஜூம் லென்ஸில் எடுங்கள், அழகாகவே வரும். படகில்தான் போவோம் என்றால், கூடுதல் காசு தருகிறேன், இன்னும் கொஞ்சம் கிட்டே போங்கள் என்று படகுக்காரரை நெருக்காதீர்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.