டயாப்ரம் என்றால் உதரவிதானமா?

சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து, தீச்சுடர் வரும் கைக்கருவியான டார்ச்சுக்கு அனுப்புவது வெல்டிங் ரெகுலேட்டர். அதற்கான ரிப்பேர் கிட் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில் இப்படி ஒரு வரி: "தேய்ந்த உதரவிதானத்தையும் இருக்கையையும் அகற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தவும்." இந்த உதரவிதானத்தை இதற்கு முன்பே இரண்டு கையேடுகளில் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மூன்றாவது முறையும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

உதரவிதானம் அழகான சொல். உதரம் என்றால் வயிறு. ஒரே உதரத்தில் பிறந்தவர்கள் என்பதால்தான் சகோதரர். விதானம் என்றால் மேற்கட்டி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, வயிற்றின் மேல் பந்தல்போலக் கவிந்திருக்கும் தசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால் அது உடம்புக்குரிய பெயர். ரெகுலேட்டருக்கு ஏது உதரம்?

டயாப்ரம் என்பதன் மூலச் சொல் கிரேக்கம். குறுக்கே அடைத்த வேலி, தடுப்பு என்பதுதான் அதன் பொருள். அதில் வயிறு இல்லை. உடலை இரண்டு அறைகளாகத் தடுப்பதால் அந்தத் தசைக்கு அப்பெயர் வந்தது. எந்திரக்காரர்களும் தடுப்பு என்ற பொருளில்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளோடு நின்றுவிட்டார்.

ரெகுலேட்டருக்குள் இந்தப் பாகம் என்ன செய்கிறது என்று ஒருமுறை பார்த்திருந்தால் அவர் நின்றிருக்க மாட்டார். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் ஏறக்குறைய 150 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும். டார்ச்சுக்கு வேண்டியதோ சில பார் மட்டும். முன்னால் உள்ள திருகை உள்ளே திருகினால் ஸ்பிரிங் அழுந்தும். ஸ்பிரிங் டயாப்ரத்தைத் தள்ள, டயாப்ரம் வால்வைத் திறக்கும். உள்ளே வந்த வாயு மறுபக்கத்திலிருந்து டயாப்ரத்தைத் திருப்பித் தள்ளும். இரண்டு தள்ளலும் சமமாகும் இடத்தில் அழுத்தம் நிலைக்கும். ஆக, ஒரு பக்கம் ஸ்பிரிங், மறுபக்கம் வாயு. நடுவே விளிம்பு முழுக்க இறுகப் பிடிக்கப்பட்டு, நடுப்பகுதி மட்டும் முன்னும் பின்னும் வளைந்து கொடுக்கும் ஒரு வட்டம். வெல்டிங் ரெகுலேட்டர்களில் பெரும்பாலும் அது துணி வைத்து வலுவூட்டிய ரப்பர். தடுப்பது, வளைவது, ஒரு சிறு துளைகூட இல்லாமல் இருப்பது ஆகிய மூன்றும் அதன் இயல்பு. நல்ல தமிழ்ச் சொல் இவற்றில் இரண்டையாவது காட்ட வேண்டும்.

உதரவிதானம் வேண்டாம் என்றதும் பலர் நீட்டுவது "இடைத்திரை". உதரவிதானத்தைவிட இதனால்தான் அதிகக் குழப்பம் வரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கேட்பதற்குச் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. திரை என்பது தொங்குவது, அசைவது, விலக்கக்கூடியது. "திரை விலகியது" என்றுதான் நாம் சொல்கிறோம். இங்கே விலக எதுவும் இல்லை. விளிம்பு ஒரு மயிரிழை விலகினாலும் வாயு கசியும். இன்னொன்று, லென்சுக்குள் ஒளியைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அதன் வேலையே நடுவில் துளையோடு இருப்பது. இரண்டுக்கும் இடைத்திரை என்று பெயர் வைத்தால், ஒளியியலில் துளையுள்ள பொருளாக அதைப் படித்த மாணவர் ரெகுலேட்டரைத் திறக்கும்போது என்ன நினைப்பார்? இங்கே ஊசித்துளை இருந்தால் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிய வேண்டும்.

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் இருந்தால்தான் ஒழுங்கு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உடம்பில் உள்ளதற்கு உதரவிதானம் என்று தனிப்பெயர் வைத்தபோதே அந்த ஒழுங்கு முடிந்துபோயிற்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் பல இடங்களில் நிற்பது அந்த மொழியின் வரலாறு. அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை. பிரித்துச் சொல்ல முடிகிற இடத்தில் பிரித்துச் சொல்வது தமிழுக்குப் பலம்தான்.

"மென்தகடு" என்பாரும் உண்டு. ரப்பரை யாரும் தகடு என்று சொல்வதில்லை.

என் தேர்வு இடைச்சவ்வு. இடை என்பது தடுப்பைச் சொல்லிவிடுகிறது, சவ்வு வளைந்து கொடுப்பதைச் சொல்லிவிடுகிறது. சவ்வு என்றால் ஊடே கசியவிடுவது அல்லவா என்று வேதியியல் படித்தவர்கள் கேட்கலாம். அதனால்தானே அங்கே "புகவிடும்" என்று அடைமொழி சேர்க்கிறோம்? வெறும் சவ்வுக்கு அந்தப் பொருள் இல்லை. செவிப்பறையும் ஒரு சவ்வுதான். விளிம்பில் இறுகி, காற்று தள்ளினால் அசைகிறது. ரெகுலேட்டர் பாகத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு உடம்பில் வேறில்லை. சில ரெகுலேட்டர்களில் ரப்பருக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகில் இது வரும். அதைச் சவ்வு என்றால் இடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே இடைத்தகடு என்று சொல்லலாம். பட்டறையில் டயாப்ரம் என்று சொல்பவரையும் திருத்த மாட்டேன். அவருக்கும் கேட்பவருக்கும் எந்தப் பாகம் என்பது தெளிவாகத் தெரிகிறது. உதரவிதானம் அந்தத் தெளிவைக்கூடத் தருவதில்லை.

அப்புறம் அந்த "இருக்கை". பல ரெகுலேட்டர்களில் சீட் என்று விற்கப்படும் பாகம்தான் நகர்ந்து போய், வாயு உள்ளே வரும் நாசிலின் வாயில் படிந்து அடைக்கிறது. அப்படிப்பட்டதை இருக்கை என்றால் படம் தலைகீழாகிவிடுகிறது. மூடி சரியாகப் படியவில்லை, கதவு படியவில்லை என்று நாம் பேசுகிறோமே, அந்த "படி"யிலிருந்து படிமுகம் என்று ஆக்கலாம். டார்ச்சை மூடிய பிறகும் அழுத்தம் மெல்ல உயர்வதை அதே தாள் "ஊர்தல்" என்கிறது. வேலை தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் அழுத்தமானியைக் காட்டி "முள் ஏறுது" என்பார். முள் ஏறினால் சீட்டைப் பார், திருகுப் பக்கத்துத் துளை வழியே வாயு வந்தால் டயாப்ரத்தைப் பார் என்பது அவருக்கு மனப்பாடம். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் நின்றிருந்தால் பாதிச் சொற்கள் இலவசமாகக் கிடைத்திருக்கும். அழுத்த வாயு விஷயத்தில் புரியாத வரி வெறும் மொழிக் குறை அல்ல. அதே தாளில் "எண்ணெய், கிரீஸ் படக் கூடாது" என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீப்பற்றும் என்பதால் அந்த ஒன்றாவது தப்பித்ததில் எனக்கு ஆறுதல். மற்ற வரிகளுக்கும் அந்தக் கவனம் கிடைத்திருக்கலாம்.

அந்த முதல் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "சிலிண்டரிலிருந்து கழற்றி, உள்ளிருக்கும் வாயு முழுவதையும் வெளியேற்றிய ரெகுலேட்டரில், ஸ்பிரிங் தளரும்வரை திருகை வெளியே திருகுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, பழைய இடைச்சவ்வையும் (டயாப்ரம்) படிமுகத்தையும் (சீட்) எடுத்துவிட்டு, அதே மாடலுக்கும் அதே வாயுவுக்கும் உரிய புதியவற்றைப் பொருத்துங்கள்."