பின்னாலேயே காலி வண்டி வருது!

"அரை மணி நேரமா ஒரு பஸ்ஸும் இல்ல, வந்தா ரெண்டா வருது." அரியாங்குப்பம் நிறுத்தத்தில் இந்தத் திட்டை வாங்காமல் எனக்கு ஒரு வாரம் கழிந்ததில்லை. கடலூர்–புதுச்சேரி தடத்தில் பதினாறு வருடம் நடத்துநராக இருந்தேன். அப்புறம் பணி ஓய்வு வரை டைம் கீப்பர். வண்டிகளைப் பத்து நிமிட இடைவெளி விட்டுத்தான் அனுப்புவேன். முருங்கப்பாக்கம் வருவதற்குள் அவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துக்கொண்டு வருவதாக ஒரு பெரியவர் உறுதியாக நம்பினார். டீ சில நாள் உண்மைதான். ஆனால் டீயே குடிக்காத நாளிலும் இப்படித்தான் நடந்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 வினாடி ஆகிறது. பத்து நிமிட இடைவெளியில் வரும் வண்டிக்கு 20 பேர், 60 வினாடி. அது 2 நிமிடம் பிந்தி வந்தால் 24 பேர், 72 வினாடி. சரியான நேரத்துக்கு வரும் பின்வண்டிக்கு எட்டு நிமிடக் கூட்டம்தான் மிச்சம்: 16 பேர், 48 வினாடி. ஒரே நிறுத்தத்தில் இடைவெளி 24 வினாடி சுருங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் அதிகமாகச் சுருங்கும். 1964இலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணிதமாக எழுதிவைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்த கணிதம், முன்வண்டி பிதுங்கும், பின்வண்டி காற்று வாங்கும், அவ்வளவுதான்.

நஷ்டம் உங்களுக்குத்தான். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒழுங்காக வந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பீர்கள். அதே வண்டிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியாக வந்தால் 10 நிமிடம். வண்டியும் குறையவில்லை, டீசலும் குறையவில்லை.

அந்த முதல் 2 நிமிடம் எங்கே போகிறது? ஆல்பேட்டை நெரிசலில் போகும். தனியார் வண்டிகளின் டைமிங் தகராறில் போகும். அதற்கெல்லாம் பயணி என்ன செய்வார்? ஆனால் பெரும்பாலும் படிக்கட்டில்தான் போகிறது. உள்ளே நடுவில் நாலு பேர் நிற்க இடம் இருக்கும். கிருமாம்பாக்கத்தில் இறங்க வேண்டியவர் ரெட்டிச்சாவடியிலிருந்தே படியை அடைத்து நிற்பார். அவரைத் தாண்டி ஒருவர் இறங்கி, ஒருவர் ஏறி, யாரோ ஒருவர் செருப்பைத் தவறவிட்டு... மூன்று வினாடி ஒன்பதாகிவிடும். பெண்கள் முன்படி, ஆண்கள் பின்படி என்ற நம்மூர் வழக்கத்தால், முன்படியில் பள்ளிக்கூடக் கூட்டம் நசுங்கும்போது பின்படி சும்மாவே கிடக்கும்.

அடுத்தது ஐநூறு ரூபாய் நோட்டு. ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தம், தாண்டுவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும், இல்லையென்றால் செக்கரிடம் மாட்டுவது நாங்கள்தான். சில்லறைக்கு அலைந்து, வேறு வழியில்லாமல் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி விசில் கொடுத்த நாட்கள் நிறைய. (சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரி எல்லை மதுக்கடைகளுக்குப் போய்விட்டு முள்ளோடையில் ஏறுகிறவர்களோடு நடக்கும் சில்லறைப் பேச்சுவார்த்தையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

தூரத்தில் கையாட்டிக்கொண்டு ஓடி வருகிறவருக்காக நிறுத்துவதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை. மனசு கேட்காமல் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். அவருக்காக நின்ற அரை நிமிடத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்.

படியை விட்டு உள்ளே போவதும், சில்லறையைக் கையில் வைத்திருப்பதும் எல்லாரும் சொல்வதுதான். நான் கேட்பது கொஞ்சம் கஷ்டமானது: முன்வண்டி நிறைந்திருந்து, பின்வண்டி உங்கள் கண்ணுக்கே தெரிந்தால், முதல் வண்டியை விட்டுவிடுங்கள். உட்கார்ந்தே போகலாம்.

இதை மக்கள் நம்பமாட்டார்கள் என்பதும் தெரியும், அதில் பாதித் தப்பு எங்களுடையது. கூட்டத்தைக் கழித்துவிட, பின்னால் எதுவுமே வராதபோதும் "பின்னாலேயே காலி வண்டி வருது" என்று கத்தியிருக்கிறோம். ஒருநாள் தவளக்குப்பத்தில் நிஜமாகவே பின்வண்டி வந்துகொண்டிருந்தது. மீன்கூடையோடு நின்ற ஆயாவிடம் அதைக் காட்டி, "ஆயா, அதுல வா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போன வாரமும் இதத்தான் சொன்ன தம்பி. நீ சொன்ன காலி வண்டி வர்றதுக்குள்ள என் மீனு நாறிப்போச்சு."

கூடையை நானே தூக்கி உள்ளே வைத்தேன்.